சின்னப் படம் ஊர் வந்து சேரும் வழி

இராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் இருக்கும் ஊர். இந்தப் பக்கத்துப் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத்துக்கு உரியது. அதற்கு அடுத்தது சிவகிரி. இரண்டு ஊருக்கும் நடுவே மாவட்ட எல்லை ஒன்று குறுக்கிடுகிறது. தேவதானம் விருதுநகர் மாவட்டம், சிவகிரி தென்காசி மாவட்டம். பேருந்தில் போகிறவருக்கு இந்த எல்லை கண்ணில் படாது. ஜன்னலுக்கு மேற்கே அதே மலை கூடவே வந்துகொண்டிருக்கும். தமிழ் சினிமா வியாபாரத்தில் இருப்பவருக்கோ அது பெரிய எல்லை. தேவதானம் ‘எம்.ஆர்.’, சிவகிரி ‘டி.கே.’

எம்.ஆர். என்றால் மதுரை-ராமநாதபுரம். டி.கே. என்றால் திருநெல்வேலி-கன்னியாகுமரி. இவற்றோடு சென்னை நகரம், என்.எஸ்.சி. எனப்படும் வட ஆற்காடு-தென் ஆற்காடு-செங்கல்பட்டு, டி.டி. எனப்படும் திருச்சி-தஞ்சாவூர், கோவை, சேலம் என்று ஏழு ஏரியாக்களாகத் தமிழ்நாட்டைச் சினிமாக்காரர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1985-இல் ராமநாதபுரத்திலிருந்து விருதுநகர் மாவட்டம் பிரிந்துபோனது. ஆற்காடு மாவட்டங்களின் பெயர்களும் அரசுப் பதிவேடுகளில் மாறிவிட்டன. விநியோகஸ்தரின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் பழைய மாவட்டங்கள் சாகாமல் இருக்கின்றன. தேவதானத்துக்காரர் வாங்கும் டிக்கெட்டின் பங்கு ஒருவருக்கும், அடுத்த ஊர்க்காரர் வாங்கும் டிக்கெட்டின் பங்கு வேறொருவருக்கும் போவது இதனால்தான்.

இந்த ஏரியாப் பிரிவினை வெறும் விற்பனை வசதிக்காக மட்டும் இருந்ததில்லை. படம் எடுக்கப் பணம் தரும் இயந்திரமும் இதுதான். பெரிய நடிகரின் படம் என்றால் பூஜை போட்ட கையோடு ஏரியா பேசத் தொடங்கிவிடுவார்கள். ‘அவுட்ரைட்’ என்றால் அந்த ஏரியா உரிமையை மொத்தமாக வாங்கிக்கொள்வது. ‘எம்.ஜி.’ என்றால் இவ்வளவு தொகைக்குக் குறையாமல் தருவேன் என்ற உத்தரவாதம். அதற்கு மேல் வசூலானால் பங்கு. ‘அட்வான்ஸ்’ என்றால் இப்போது முன்பணம், படம் ஓடாவிட்டால் திருப்பித் தரவேண்டியது. எந்த முறையானாலும் ஏழு ஏரியாக்காரர்கள் தவணை தவணையாகத் தரும் பணத்தில்தான் படம் வளரும். கடைசியில் டிக்கெட் வாங்கப்போகும் ரசிகர், தனக்கே தெரியாமல் படப்பிடிப்புக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்.

தெரிந்த முகம் இல்லாத சின்னப் படத்துக்கு இந்த இயந்திரம் ஓடாது. எந்த ஏரியாவும் முன்கூட்டி விலை போகாது. முழுத் தொகையையும் ஒருவர் தன் கையிலிருந்து போட வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும். சினிமாவுக்கு வங்கிக் கடன் அரிது. நிலத்தை ஈடாக வைக்கலாம், நகையை வைக்கலாம். இன்னும் எடுக்கப்படாத படத்தை எப்படி ஈடு வைப்பது? தமிழ் சினிமா பைனான்சியர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழிதான் ‘லேப் லெட்டர்’. பிலிம் காலத்தில் படத்தின் நெகட்டிவ், அதைக் கழுவிய லேபின் பெட்டகத்தில் இருக்கும். கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதம் வராமல் பிரிண்ட் போட்டுத் தரமாட்டோம் என்று லேப் எழுதிக் கொடுக்கும். கடன் அடையும்வரை படம் சிறையில். வெளியீட்டுக்கு முந்தைய இரவு லேப் வாசலில் விடிய விடியப் பஞ்சாயத்து நடப்பதும், காலைக் காட்சி ரத்தாகி மதியக் காட்சியில் படம் தொடங்குவதும் இதன் விளைவு.

மாதம் மூன்று வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடிக்கு மாதம் 3 லட்சம், ஆண்டுக்கு 36 லட்சம். மழையால் ஒரு மாதம் படப்பிடிப்பு நின்றாலும் 3 லட்சம், தணிக்கைக்குக் காத்திருந்தாலும் 3 லட்சம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் பற்றிப் பேசும்போது திரும்பவும் தேவைப்படும்.

வட்டிக்காரரைத் தவிர்க்க நினைத்தவர்கள் ஊராரிடம் போனார்கள். தமிழில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1960-இல் வந்த ‘பாதை தெரியுது பார்’ இடதுசாரி நண்பர்கள் பலர் பங்கு போட்டு எடுத்த படம். இயக்கியவர் வங்காளத்திலிருந்து வந்த நிமாய் கோஷ், இசை எம்.பி.சீனிவாசன். தமிழ்நாட்டில் திரைத் தொழிலாளர் சங்கங்கள் எழுந்த கதையிலும் இந்த இருவர் பெயரும் வரும். ஜெயகாந்தன் தன் கதையைத் தானே இயக்கி 1965-இல் ‘உன்னைப்போல் ஒருவன்’ வெளியிட்டார். தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படம் என்ற சான்று கிடைத்தது. ஜெயபாரதி 1979-இல் பொதுமக்களிடம் பணம் திரட்டி ‘குடிசை’ எடுத்தார். இன்று கூட்டு நிதி என்று புதிதுபோலச் சொல்லப்படுவதை அவர்கள் இணையம் இல்லாமல், கால் நடையாகச் செய்திருக்கிறார்கள்.

இந்த வகையில் உலகத்துக்கே எடுத்துக்காட்டு குஜராத்தில் நடந்தது. ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) படத்துக்கு, பால் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். மொத்தம் 10 லட்சம். தயாரிப்பாளர்களே ரசிகர்கள் என்பதால் படம் வெளியானபோது தாங்கள் எடுத்த படத்தைப் பார்க்கக் கிராமம் கிராமமாக வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பின்னாலும் பால் கூட்டுறவுச் சங்கம் உண்டு. அங்கே யாருக்கும் இப்படி ஒரு யோசனை வரவில்லையே என்று எனக்கு ஆதங்கம்தான். கன்னடத்தில் பவன் குமார் 2013-இல் ‘லூசியா’ எடுத்தார். 110 பேரிடமிருந்து 27 நாளில் சுமார் 51 லட்சம் சேர்ந்தது. இப்படிச் சேர்ப்பதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. நன்கொடையாக வாங்கலாம், படத் தகடோ டிக்கெட்டோ தருவதாகச் சொல்லி வாங்கலாம். லாபத்தில் பங்கு தருகிறேன் என்று பொதுமக்களிடம் கேட்டால் அது முதலீட்டுத் திட்டமாகிவிடும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி உள்ளே வரும். தனியார் நிறுவனம் ஒன்று ஓராண்டில் 200 பேருக்கு மேல் பங்கு வழங்க முன்வந்தாலே பொது வெளியீட்டுக்கான விதிகள் பாயும். இன்று ‘மந்தன்’ போல 5 லட்சம் பங்காளிகளோடு படம் எடுக்க நினைத்தால் கூட்டுறவுச் சங்கம் போன்ற சட்டக் கூரை ஒன்று கட்டாயம் வேண்டும்.

அடுத்தது அரசு. மத்திய அரசு 1960-இல் திரைப்பட நிதிக் கழகத்தைத் தொடங்கியது. 1980-இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி.யோடு இணைந்தது. ஆரம்பத்தில் அது தந்தது கடன்தான், கொடை அல்ல. ராஜாஜியின் கதையை சிங்கீதம் சீனிவாசராவ் ‘திக்கற்ற பார்வதி’யாக எடுத்தது இந்தக் கழகத்தின் கடனில். கழகம் மறுத்ததால் விளைந்த நன்மையும் உண்டு. ‘மயில்’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளையில் எடுக்க பாரதிராஜா எழுதி வைத்திருந்த கதைக்குக் கழகத்தின் பணம் கிடைக்கவில்லை. எஸ்.ஏ.ராஜ்கண்ணு தயாரிக்க, 1977-இல் அது வண்ணத்தில் ‘16 வயதினிலே’ ஆனது. என்.எஃப்.டி.சி. தானே தயாரித்த ‘மறுபக்கம்’ (கே.எஸ்.சேதுமாதவன், 1990) சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைத் தமிழுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தது. கரிசல் எழுத்தாளர் பூமணி தொண்ணூறுகளில் என்.எஃப்.டி.சி.க்காக இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ இந்த வட்டாரத்தின் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் கரைந்துபோவதைச் சொன்னது. இவற்றில் எத்தனையை இந்தப் பக்கத்துத் தியேட்டர்களில் மக்கள் பார்த்திருப்பார்கள்? தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் வந்தால் பார்த்திருப்பார்கள். எடுப்பதற்குப் பணம் கொடுத்த அரசு, காட்டுவதற்கு ஒரு வழியும் அமைக்கவில்லை.

தமிழ்நாடு அரசின் உதவி வேறு வகை. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட தரமான படங்களுக்கு, குழு பார்த்துத் தேர்வு செய்து 7 லட்சம் ரூபாய் மானியம். படம் முடிந்து வெளிவந்த பிறகு தரப்படும் தொகை இது. எடுக்கும்போது உதவாது, பழைய கடனில் ஒரு பகுதியை அடைக்கலாம்.

பிரிட்டன் இதை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால், எண்கள் நம்மை விடப் பெரியவை என்பதோடு யோசனையும் வேறு. அங்கே லாட்டரிச் சீட்டு வருமானத்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் வழியாகப் படங்களுக்குப் போகிறது. அதைவிட முக்கியமானது வரிச் சலுகை. 2024 ஏப்ரல் முதல் படப்பிடிப்பு தொடங்கிய, 1.5 கோடி பவுண்டுக்கு மிகாத செலவுள்ள சுயாதீனப் படங்களுக்குத் தகுதியான செலவில் 53 சதவீதம் வரிக் கடனாகக் கிடைக்கிறது. வரி போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 40 சதவீதம். படம் ‘பிரிட்டிஷ்’ தானா என்பதற்கு ஒரு மதிப்பெண் தேர்வு: மொத்தம் 35, தேற 18. கதை எங்கே நடக்கிறது, எந்த மொழி, யார் வேலை செய்தார்கள் என்றெல்லாம் கேள்விகள். படம் நன்றாக இருக்கிறதா என்று ஒரு கேள்வியும் கிடையாது. படம் வசூலிக்கிறதா என்பதும் பொருட்டல்ல. செலவு செய்த ரசீது இருந்தால் பணம் திரும்பும். அது உறுதி என்பதால் அந்த வரித் தொகையைக் காட்டியே படம் தொடங்கும் முன்பு வங்கியில் கடன் வாங்கிவிடுகிறார்கள். லேப் லெட்டர் செய்த வேலையை அங்கே அரசின் வரிச் சட்டம் செய்கிறது. வட்டி மட்டும் மிகக் குறைவு.

இனி எடுப்பதைப் பார்ப்போம். பணம் படத்தின் உடம்பையே எப்படி மாற்றுகிறது என்பதற்குப் பிலிம் கணக்குதான் தெளிவான சான்று. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டகம். நொடிக்கு 24 சட்டகம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி. ஒரு காட்சியைச் சராசரியாக ஐந்து முறை எடுத்தால் 67,500 அடி, அதாவது ஏறக்குறைய 68 சுருள். வாங்கவும் காசு, கழுவவும் காசு. 16 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 40 சட்டகம் அடங்கும் என்பதால் நிமிடத்துக்கு 36 அடி போதும். சின்னப் படக்காரர்கள் அதை நாடியதற்குக் காரணம் இவ்வளவுதான். லண்டனில் கிறிஸ்டோபர் நோலன் தன் முதல் படமான ‘ஃபாலோயிங்’ (1998) எடுத்தது 16 மி.மீ. கறுப்பு வெள்ளையில். வேலைக்குப் போகும் நண்பர்களை வைத்துச் சனிக்கிழமைகளில் மட்டும் ஓராண்டுபோலப் படப்பிடிப்பு. நாடகம்போலப் பல முறை ஒத்திகை பார்த்து, ஓரிரு டேக்கில் முடித்துக்கொண்டார்கள். செலவு சுமார் 3,000 பவுண்டு. ஒத்திகைக்குப் பிலிம் வேண்டாம், நேரம் போதும். பணமில்லாதவரிடம் அது ஒன்றுதான் தாராளமாக இருந்தது.

டிஜிட்டல் வந்ததும் இந்தக் கணக்கு அடியோடு கவிழ்ந்தது. 2005-இல் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ டிஜிட்டல் கேமராவில் வந்தபோது தமிழில் பலர் முகம் சுளித்தார்கள். பத்தே ஆண்டில் சுருள் என்ற செலவே பட்ஜெட்டிலிருந்து மறைந்தது. மிச்சமிருப்பது ஆட்களும் விளக்கும். ‘கால்ஷீட்’ எத்தனை, ‘பேட்டா’ என்ற தினப்படி எத்தனை பேருக்கு, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் என்பதில்தான் இப்போது காசு போகிறது.

பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ இந்த மிச்சத்தையும் எப்படிச் சுருக்கலாம் என்று காட்டிய படம். மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியில், கோடை வெயிலில், ஒரு தகப்பனும் மகனும் நடக்கிறார்கள். கதையே உச்சி வெயிலில் நடப்பதால் விளக்கு வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம். ஓடுவது ஒன்றே கால் மணி நேரம்தான். முகம் தெரியாத நடிகர்கள் கருத்தடையானும் சிறுவன் செல்லப்பாண்டியும். படம் உருவான பிறகே இயக்குநர் ராம் வழியாக விக்னேஷ் சிவன், நயன்தாராவின் ரவுடி பிக்சர்ஸ் அதை எடுத்துக்கொண்டது. 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது. தமிழுக்கு அது முதல் முறை. பரிசுத் தொகை 40,000 யூரோ. விளக்கு வாங்கக் காசில்லாததால் வெயிலில் எடுத்தார் என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. அந்தக் கதைக்கு வெயில் தேவை. வெயில் இலவசமாகவும் இருந்தது, அவ்வளவுதான்.

அதே படத்தைத் தேவதானத்தில் எடுத்தால் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு. இங்கே மலை மேற்கே நிற்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக, மணிக்கு 15 பாகை வேகத்தில் இறங்கும். மலை முகடு அடிவானத்துக்கு மேல் 8 பாகை உயரத்தில் தெரியும் ஓர் இடத்தில் கேமராவை வைத்தால், பஞ்சாங்கத்தில் போட்ட அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். வானம் மட்டும் வெளிச்சமாக இருக்கும். தரையில் நிழலே விழாத மென்மையான ஒளி நெடுநேரம் நிற்கும். சமவெளியில் கால் மணி நேரம் கிடைத்தாலே அதிகம் என்று ஒளிப்பதிவாளர்கள் பறக்கும் அந்த ஒளி, மலையடிவாரத்தில் கூடுதலாகக் கிடைக்கிறது. கிழக்கில் அப்படி மறைப்பு இல்லாததால் காலை வெயில் நேராக அடிக்கும். காலையில் வெயில் காட்சி, மாலையில் நிழல் காட்சி என்று இயற்கையே கால்ஷீட் போட்டுக் கொடுத்திருக்கிறது.

இயற்கை தருவதை அனுமதிகள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சாஸ்தா கோயில் பக்கம் காட்டுக்குள் போனால் 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்க முடியாது. கோயிலுக்குள் என்றால் அறநிலையத் துறை. கதையில் ஒரு ஆடு வந்தாலும், இராஜபாளையம் நாய் ஒன்று திண்ணையில் படுத்திருந்தாலும், விலங்கு நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, எடுத்த பிறகு தடையில்லாச் சான்றும் பெற வேண்டும். அது இல்லாமல் தணிக்கைக்குப் படம் போகாது. இந்த வாரியம் பல காலம் சென்னையில்தான் இருந்தது. 2018-இல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. கிராமத்துக் கதை எடுப்பவருக்கு ஆடு மாடு இல்லாமல் எப்படி? நகரத்து அடுக்கு வீட்டுக்குள் நடக்கும் கதையைவிடக் கிராமக் கதைக்குக் காகித வேலை அதிகம் என்பது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனாலும் நடக்கிறது.

படம் தயார். இனி சான்றிதழ். நம் திரைப்படச் சட்டம் 1952-இல் வந்தது. தணிக்கை வாரியத்துக்கு நாடெங்கும் ஒன்பது மண்டல அலுவலகங்கள், தமிழுக்குச் சென்னை. ‘யு’ எல்லாருக்கும், ‘ஏ’ வயது வந்தோருக்கு, ‘எஸ்’ மருத்துவர் போன்ற குறிப்பிட்ட தொழிலினருக்கு. இடைப்பட்ட ‘யு/ஏ’ 1983-இல் வந்தது. 2023 திருத்தத்துக்குப் பிறகு அது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்தது. பெற்றோருக்குச் சொல்லும் யோசனைதான் இந்த எண்கள். வாசலில் யாரும் பிறந்த தேதி கேட்பதில்லை.

வயதைச் சொல்லும் இந்த எழுத்து தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் விலைச் சீட்டாகவும் இருந்தது. 2006-இல் தமிழில் பெயர் வைத்த படத்துக்குக் கேளிக்கை வரி விலக்கு வந்தது. 2011-இல் அதோடு ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை சேர்ந்தது. நகரத் தியேட்டர்களில் வரி 30 சதவீதம் வரை. ‘யு’ வாங்கினால் அந்தத் தொகை படத்துக்கு, ‘யு/ஏ’ வாங்கினால் அரசுக்கு. சட்டப்படி ‘யு/ஏ’ ஒரு குறையே அல்ல. ஆனாலும் தயாரிப்பாளர்கள் ரத்தத்தையும் வசவையும் தாங்களாகவே வெட்டிக்கொண்டு ‘யு’ கேட்டு நின்றார்கள். தணிக்கைக் குழு கேட்காத வெட்டுகளை வரித்துறை வாங்கிக்கொடுத்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் இந்த விலக்கு போனது. அதன்மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனியாக வந்து சேர்ந்தது.

இன்னொரு விலை தொலைக்காட்சியில் இருக்கிறது. ‘ஏ’ படத்தை அப்படியே ஒளிபரப்ப முடியாது. வெட்டி, வேறு சான்றிதழ் வாங்க வேண்டும். தியேட்டரில் வசூல் நிச்சயமில்லாத சின்னப் படத்துக்குச் சாட்டிலைட் உரிமைதான் நம்பிக்கை. ‘ஏ’ என்ற ஓர் எழுத்து அந்தக் கதவைச் சாத்திவிடும். பெரிய நடிகரின் படம் ‘ஏ’ வாங்கினாலும் தியேட்டர் நிறையும். தாங்கிக்கொள்ள முடியாதவர் சின்னவர்தான்.

‘ஆரண்ய காண்டம்’ இதை நேரடியாக அனுபவித்தது. தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம், தயாரிப்பு எஸ்.பி.சரண். தணிக்கையில் 52 வெட்டுகள் கேட்கப்பட்டன. வெட்டமாட்டோம் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போனார்கள். ‘ஏ’ சான்றிதழோடு 2011 ஜூனில்தான் படம் வெளிவந்தது. அறிமுக இயக்குநர், படத்தொகுப்பு என்று தேசிய விருதுகள் கிடைத்தன. தியேட்டரில் நிற்கவில்லை. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன வட்டிக் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள்: கொள்கைக்காகத் தீர்ப்பாயம் போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்தத் தீர்ப்பாயமும் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டுவிட்டது. இன்று தணிக்கை வாரியத்தோடு கருத்து வேறுபட்டால் நேராக உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் கட்டணம்.

நீதிமன்றம் சின்னப் படத்தைக் காப்பாற்றிய கதையும் தமிழில் உண்டு, அதுவும் இந்திய அளவில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கதை. இடஒதுக்கீடு பற்றிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் ‘யு’ சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தயாரிப்பாளர் எஸ்.ரங்கராஜன் உச்ச நீதிமன்றம் போனார். 1989 மார்ச் 30-இல் வந்த தீர்ப்பு சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. கலவரம் வரும் என்று அஞ்சிப் படத்தைத் தடுப்பது, மிரட்டுகிறவர்களிடம் சட்டத்தை ஒப்படைப்பதாகும். கலவரக்காரர்களை அடக்குவதுதான் அரசின் வேலை என்பது அதன் சாரம்.

பிரிட்டனில் தரம் பிரிக்கும் பி.பி.எஃப்.சி. அரசு அமைப்பே அல்ல. 1912-இல் திரைத்துறையினரே தொடங்கியது. சட்டப்படி தியேட்டர் படத்துக்கு இறுதி அதிகாரம் உள்ளூர் மன்றத்துக்கு. பெரும்பாலும் மன்றங்கள் வாரியம் சொன்னதை ஏற்றுக்கொள்ளும், எப்போதாவது மீறும். கென் லோச்சின் ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ (2002) ஸ்காட்லாந்தின் கிரீனாக் பகுதிப் பையன்களின் கதை. கெட்ட வார்த்தைகளுக்காக வாரியம் 18 வயது போட்டது. யாரைப் பற்றிய படமோ அந்தப் பதினாறு வயதுக்காரர்கள் பார்க்க முடியாது! அந்த ஊருக்கான இன்வர்கிளைடு மன்றம் தன் எல்லைக்குள் மட்டும் அதை 15 ஆக்கியது. இராஜபாளையம் நகராட்சி கூடி, ‘இது எங்கள் பிள்ளைகள் பேசும் பேச்சுதான், பார்க்கட்டும்’ என்று தீர்மானம் போடுவதற்கு ஒப்பானது அது. நம் சட்டத்தில் உள்ளூருக்குப் படத்தை நிறுத்திவைக்கும் வழிதான் இருக்கிறது, தளர்த்தும் வழி இல்லை.

சான்றிதழ் கையில் வந்த பிறகு கடைசிக் கட்டம். முன்பு தகரப் பெட்டியில் பிலிம் சுருள் பேருந்தில் வந்தது. இன்று வருவது நூறு இருநூறு ஜி.பி. அளவுள்ள பூட்டிய கோப்பு. ஒவ்வொரு சட்டகமும் தனித்தனிப் படமாகச் சுருக்கப்பட்டு, 128 பிட் சங்கேதத்தில் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டுக்கு இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கம் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது நடவாத காரியம். சரியான சாவி ‘கே.டி.எம்.’ என்ற சிறு கோப்பாக மின்னஞ்சலில் வரும். அது ஒரே ஒரு திரையின் ஒரே ஒரு இயந்திரத்துக்கு மட்டும் செல்லும். இந்த நாள் இத்தனை மணியிலிருந்து அந்த நாள் இத்தனை மணிவரை மட்டும் செல்லும். பக்கத்துத் திரைக்குப் பொருந்தாது. இந்தச் சாவியை யார் அனுப்பச் சொல்கிறார் என்பதில் பழைய லேப் வாசல் பஞ்சாயத்து உட்கார்ந்திருக்கிறது. பைனான்சியர் சம்மதம் வராமல் கே.டி.எம். போகாது. நெகட்டிவைப் பூட்டிவைத்த கை இப்போது எண்ணைப் பூட்டிவைக்கிறது.

இதற்கும் கட்டணம் உண்டு. திரைக்கு இவ்வளவு, காட்சிக்கு இவ்வளவு என்று டிஜிட்டல் நிறுவனங்கள் வாங்கும் தொகையை எதிர்த்துத்தான் 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் நடுப்பகுதிவரை தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள் புதுப் படங்களை நிறுத்தினார்கள். பெரிய படத்துக்கு அந்தக் கட்டணம் வசூலில் கரைந்துவிடும். நாற்பது பேர் பார்க்கும் காட்சிக்கு அது டிக்கெட் பணத்தின் கணிசமான பங்கு. படம் எடுப்பதை மலிவாக்கிய அதே தொழில்நுட்பம், அதைக் காட்டுவதற்குப் புதிதாக ஒரு சுங்கச்சாவடியைக் கட்டிவிட்டது. எனக்குத் தெரிந்து இந்த முரண்தான் சின்னப் படங்களின் இன்றைய பெரிய சிக்கல். கேமராவைப் பற்றியும் கதையைப் பற்றியும் கருத்தரங்கு நடத்துகிறோம், இதைப் பற்றிப் பேசுவது குறைவு.

‘கூழாங்கல்’ தியேட்டர் வழியை விட்டுவிட்டது. ராட்டர்டாம் பரிசு, ஆஸ்காருக்கு இந்தியாவின் அதிகாரபூர்வப் பரிந்துரை எல்லாம் 2021-இல். நம் மக்கள் பார்த்தது 2023 அக்டோபர் 27-இல், சோனி லிவ் ஓ.டி.டி.யில். ஓ.டி.டி.க்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தத் தளமே வயது வகை போட்டுக்கொள்ளலாம். ஏரியா இல்லை, சாவிக் கட்டணம் இல்லை. ஆனால் எந்தப் படத்தை வாங்குவது என்பது தளத்தின் விருப்பம். என்ன விலை, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது எடுத்தவருக்கே முழுதாகத் தெரியாது.

தேவதானத்தின் மேற்கு மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2019 முதல் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கு, திரைக்கதையைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, படத்துக்கு ஒன்றரைக் கோடிவரை கொடுக்கிறது. பின்னர் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் அது விரிந்தது. ஷ்ருதி சரண்யத்தின் ‘பி 32 முதல் 44 வரை’ (2023) அப்படி வந்த படம். பணம் படத்துக்கு முன்னால் வருகிறது, பின்னால் அல்ல. 2024 மார்ச்சில் அதே கழகம் ‘சி ஸ்பேஸ்’ என்று அரசின் சொந்த ஓ.டி.டி.யையும் தொடங்கியது. மாதச் சந்தா கிடையாது. பார்க்கும் படத்துக்கு மட்டும் 75 ரூபாய், அதில் பாதி தயாரிப்பாளருக்கு. ஆயிரம் பேர் பார்த்தால் 37,500 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண், எடுத்தவர் கைக்கு வருகிறது.